நாக்குக்கு நேரம் கொடுங்கள்

பனையும் தென்னையும் ஒரே வேலிக்குள் நிற்கிற ஊர் கொடிகாமம். கண்டி வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு எங்கட ஊர் ஒரு சந்தையாகத்தான் தெரியும். குவித்துவைத்த தேங்காய், பருவத்தில் மாம்பழம், பலாப்பழம், பக்கத்திலேயே பருத்தித்துறைக்குத் திரும்புகிற வீதி. உள்ளே இறங்கி நடந்தால் தென்மராட்சியின் மணல் நிலம். கச்சாய், உசன், மிருசுவில், வரணி, எந்தப் பக்கம் போனாலும் இந்த இரண்டு மரங்களும் கூடவே வரும். இரண்டும் கள்ளுத் தரும். இரண்டு கள்ளையும் வடித்தால் சாராயம் வரும். ஸ்கொட்லாந்துக்காரர் பார்லியை முளைக்கவைத்து, அரைத்து, ஊறவைத்து, நொதிக்கவைத்துத்தான் விஸ்கி வடிக்க வேண்டும். எங்களுக்கு மரமே இனிப்பு நீரைத் தருகிறது. காற்றிலும் முட்டியிலும் இருக்கிற நுண்ணுயிர் மிச்ச வேலையைப் பார்த்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரில் சாராயம் எப்படிக் குடிபடுகிறது? கலியாண வீட்டுப் பின்வளவைப் பாருங்கள். போத்தல் பேப்பரில் சுற்றி வரும். ஒருவர் ஊற்றுவார், ஒருவர் சோடா விடுவார், வாங்கினவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று இழுப்பார். முகம் கோணும். உடனே ஒரு பிடி மிக்ஸர் வாய்க்குள் போகும். அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சாராயம் தென்னையா பனையா, புதிதா பழையதா, நல்லதா கெட்டதா என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. நாக்குக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

இந்தப் பதிவு அந்த நேரத்தைப் பற்றியது. நல்ல சாராயத்தைச் சிறு மிடறாக, மெதுவாக, மணந்து, ருசித்துக் குடிப்பது பற்றியது.

தொடங்கமுதல் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. மது எந்த அளவிலும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. புற்றுநோய்க்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு அதற்கும் பல வருடங்களுக்கு முன்பே நிறுவப்பட்டது. இலங்கைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கவே கூடாது. குடியால் சிதைந்த வீடுகள் எங்கட ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன. ஒருமுறை அடிமைப்பட்டு மீண்டவருக்கு ஒரு மிடறும் வேண்டாம், அது எவ்வளவு உயர்ந்த சாராயமாக இருந்தாலும். குடிக்கிற பழக்கம் உள்ளவர், குறைவாகவும் நன்றாகவும் குடிக்கலாமே என்பதுதான் என் கதை.

சரி, கள்ளில் இருந்து தொடங்குவோம். மெதுவாகக் குடிக்கிற பழக்கம் வெளிநாட்டில் இருந்து வர வேண்டியதில்லை. அது எங்களிடமே இருந்தது.

விடியப்புறம் இறக்கின பனங்கள்ளை ஒருமுறை நிதானமாகக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சீவல் தொழிலாளி காலில் தளநார் போட்டு ஏறி, பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவி, நிரம்பின முட்டியை இறக்கி வருவார். முட்டியின் உட்பக்கம் சுண்ணாம்பு பூசியிருந்தால் நொதிப்புத் தடைப்படும். அது கருப்பணி, பனங்கட்டி காய்ச்ச உதவும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் நீர் முட்டிக்குள் சொட்டத் தொடங்கின நேரம் முதலே நொதிக்கும். கீழே வந்ததும் பன்னாடையால் வடித்து, தூசும் விழுந்துகிடந்த தேனீயும் போக்கி, பிளாவில் ஊற்றுவார்கள். பிளா பச்சைப் பனையோலையில் கோலிய ஏனம். இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிக்க முடியும். ஒரு கையில் பிளா, மற்றக் கையில் வேறு வேலை என்ற கதைக்கு இடமில்லை. நிலத்தில் வைக்கவும் முடியாது, கவிழ்ந்துவிடும். ஆகவே குந்தியிருந்து, ஏந்திப் பிடித்து, கதைத்துக் கதைத்துக் குடிப்பார்கள். கள்ளோடு பச்சை ஓலையின் வாசமும் சேர்ந்து மூக்குக்கு ஏறும்.

அப்படி இருந்து குடிக்கும்போது கள்ளு மாறுவதும் தெரியும். இறக்கின கையோடு குடித்தால் இனிப்பு முன்னுக்கு நிற்கும், மெல்லிய நுரை நாக்கில் கிள்ளும். வெயில் ஏற ஏறப் புளிப்பு மேலே வரும், வெறியும் கூடும். பொதுவாக 4 முதல் 6 சதவீதம் வரை மது ஏறும். அதற்கும் மேலே விட்டால் வினாகிரியாகப் போய்விடும். கள்ளுக்கோப்பிறேசனில் பழகின வயதானவர்கள் ஒரு வாயிலேயே இது எத்தனை மணிக்கு இறக்கினது என்று சொல்லுவார்கள். எழுபதுகளில் தவறணைக் குத்தகைகள் போய், சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு வளர்ந்த தலைமுறை அது. எந்த வளவு, ஆண்பனையா பெண்பனையா என்றெல்லாம் கதைப்பார்கள். இதை விடவா ஒரு ருசியாளர் வேண்டும்?

கள்ளு விஷயத்தில் இவ்வளவு நாக்கு உள்ள ஊர், சாராயம் என்று வந்ததும் மூக்கைப் பொத்துகிறது. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஒன்று வெட்கம். குடிப்பது பிழை என்று ஒளித்துக் குடிக்கிறவன் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பான். இரண்டாவது தரம். கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தையும் மலிவான கலப்படச் சரக்கையும் ருசித்துக் குடிக்க ஒருவராலும் முடியாது. விழுங்கத்தான் முடியும். மூன்றாவது, மது என்றால் வெறிக்குத்தான் என்ற எண்ணம். வெறி மட்டும்தான் வேண்டுமென்றால் ருசி ஒரு தொந்தரவு.

எனக்கு இதை வேறு விதமாகக் காட்டினவர் என் பெரியப்பா. ஆள் கூடக் குடிக்கிறவர் அல்ல. மாலையில் கை கால் கழுவி, திண்ணையில் இருந்து, சின்னக் கிளாசில் ஒரு விரற்கடை அளவு ஊற்றுவார். அதோடு சரி. வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கின பிறகு ஒருநாள் என்னையும் இருத்தினார். நான் கிளாசைத் தூக்கினதும் கையைப் பிடித்தார்.

“பொறு தம்பி. முதல் மணந்து பார். மூக்கை உள்ளுக்கை விடாதை, கொஞ்சம் தள்ளி வைச்சு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மண.”

மணந்தேன். முதலில் மதுவின் காரம். அது ஒதுங்கினதும் கீழே வேறு ஏதோ.

“என்ன மணக்குது?”

“பனங்கட்டி மாதிரி இருக்கு பெரியப்பா.”

“வேறை?”

யோசித்தேன். “பனாட்டு.”

“அதுதான். இனி ஒரு சொட்டு வாயுக்கை விடு. விழுங்கிப்போடாதை. நாக்கிலை வைச்சிரு. எரிவு அடங்கட்டும். பிறகு விழுங்கி, மூச்சை மூக்காலை விடு.”

அந்தக் கடைசி வேலைதான் முழுச் சூட்சுமமும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு போன்ற சில சுவைகள்தான். மிச்சம் எல்லாம் மணம். விழுங்கின பிறகு தொண்டைக்குப் பின்பக்கத்தால் மூக்குக்கு ஏறுகிற ஆவிதான் பனாட்டையும் பழத்தையும் புகையையும் கொண்டுவருகிறது. மடக்கென்று இழுத்து உடனே மிக்ஸரை வாய்க்குள் போடுகிறவர் சாராயத்தின் பாதியை, அதுவும் நல்ல பாதியை, இழந்துபோகிறார்.

முதல் மிடறில் ஒன்றும் பிடிபடாது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மிடறு வாயை மதுவுக்குப் பழக்குவதற்கு. இரண்டாவதில் எரிவு குறையும். மூன்றாவதில்தான் சாராயம் தன் குணத்தைக் காட்டத் தொடங்கும். பக்கத்தில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணி இருக்கட்டும், இடைக்கிடை குடியுங்கள். ஐஸ் போட்டால் மணம் அடங்கிவிடும், எங்கட வெக்கைக்கு ஒரு கட்டி போட்டால் குற்றமில்லை. கோலாவும் சோடாவும் நல்ல சாராயத்துக்கு வேண்டாம். 40 சதவீதத்துக்கு மேற்பட்டதானால் சில துளி தண்ணி விடுவது மணத்தைத் திறக்கும். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணினி மாதிரியில் பார்த்தார்கள். விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான குவாயக்கோல் என்கிற பொருள், தண்ணி சேர்ந்தபோது திரவத்தின் மேற்பரப்புக்கு நெருங்கி வந்தது. மூக்குக்குக் கிட்ட வந்தது என்றும் சொல்லலாம். எங்கட உள்ளூர்ப் போத்தல்களில் பலவற்றில் 33.5 சதவீதம் என்று போட்டிருக்கும். அதற்கு இனித் தண்ணி தேவையில்லை, வடிசாலையிலேயே கலந்தாயிற்று.

வடிசாலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ருசிக்கிறது இன்னும் சுலபம். வடமராட்சியில் திக்கம் வடிசாலையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பனங்கள்ளைச் சாராயமாக்கும் இடம். அடிப்படை எங்கும் ஒன்றுதான். மது 78 பாகையில் கொதிக்கும், தண்ணி 100 பாகையில். ஆகவே புளித்த கள்ளைச் சூடாக்கினால் முதலில் மது கூடின ஆவி எழும். அதைக் குளிர்வித்துப் பிடிக்கிறார்கள். முதலில் வருகிற தலைப்பகுதியில் கூர்மையான, மூக்கைக் குத்துகிற பொருட்கள் அதிகம். கடைசியில் வருகிற வால்பகுதி கனத்து, ஈரத்துணி மணக்கும். நடுப்பகுதியைத்தான் நல்ல வடிப்பாளர் எடுப்பார். எங்கே வெட்டித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதில் அவருடைய அனுபவம் முழுவதும் இருக்கிறது. அவசரக்காரனும் ஆசைக்காரனும் தலையையும் வாலையும் சேர்த்தே போத்தலில் அடைப்பான். மெதுவாகக் குடிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். மடக்கென்று குடிக்கிறவருக்கு அடுத்தநாள் காலைத் தலையிடியில் தெரியவரும்.

வடித்த சாராயம் கண்ணாடி போல வெள்ளையாக இருக்கும், காரமாக இருக்கும். அதைச் சாந்தப்படுத்துவது மரமும் காலமும். தெற்கில் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரத்துப் பெரிய பீப்பாய்களில் வருடக்கணக்காக வைத்திருக்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, எங்கட சவண்டலை மரம்தான். ஆங்கிலேயர் அதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். பெரிய பீப்பாயில் மரத்தைத் தொடுகிற சாராயத்தின் பங்கு குறைவு. ஆகவே நிறமும் மரவாசமும் மெதுவாகத்தான் ஏறும், பூவும் பழமும் மறைந்துபோகாது. பழைய தென்னஞ்சாராயத்தை மணந்தால் வாழைப்பழம் தெரியும். அது கற்பனையல்ல. நொதிக்கும்போது உண்டாகிற ஐசோ அமைல் அசற்றேற் என்ற பொருள் வாழைப்பழத்திலும் இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆசை. விஸ்கி பற்றி எழுதுகிறவர்கள் ஹெதர் பூ, பீச் பழம், கடற்கரைப் பாசி, பீட் புகை என்று அடுக்குவார்கள். அவர்கள் ஊரில் உள்ளதை அவர்கள் சொல்லுகிறார்கள், அது நியாயம். கொடிகாமத்துக்காரன் தன் மூக்கை நம்பித் தன் ஊரைச் சொல்ல வேண்டும். பனஞ்சாராயத்தில் எனக்குப் பனாட்டு மணக்கும், சிலவேளை ஒடியல் மாவின் மண்வாசம், சிலவேளை பனங்காய் சுட்ட கையில் ஒட்டியிருக்கிற மணம். முதிர்ந்த தென்னஞ்சாராயத்தில் கதலிப்பழம், தேங்காய்ப் பூரான், கொப்பரா காயப்போட்ட முற்றம். ஒருமுறை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் காம்படி வாசம் வந்தது. கூட இருந்த நண்பர் இல்லை, அது விளாம்பழம் என்று வாதாடினார். வாதாட்டம்தான் இதில் பாதிச் சந்தோசம். ஒரு மணித்தியாலம் ஒரு சின்னக் கிளாசை வைத்துக்கொண்டு இரண்டு பேர் கதைக்கலாம்.

அந்த ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கணக்கும் இருக்கிறது. 33.5 சதவீதச் சாராயத்தில் 30 மில்லிலீற்றர் எடுத்தால், அதில் சுத்த மது ஏறத்தாழ 10 மில்லிலீற்றர், நிறையில் 8 கிராம் அளவு. சாதாரண ஆளின் ஈரல் மணித்தியாலத்துக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரை மதுவை உடைக்கும். ஆளுக்கு ஆள், உடம்புக்கு உடம்பு இது மாறும். ஆனாலும் கணக்குச் சொல்வது ஒன்றுதான்: 30 மில்லியை ஒரு மணித்தியாலம் வைத்துக் குடிக்கிறவர் ஏறக்குறைய ஈரலின் வேகத்தில் குடிக்கிறார். காற்போத்தலைப் பத்து நிமிடத்தில் இழுக்கிறவர் ஈரலுக்குப் பல மணித்தியால வேலையை ஒரே தடவையில் தலையில் கட்டுகிறார். மெதுவாகக் குடித்தாலும் வாகனம் ஓடப் போகக்கூடாது. கண்டி வீதியில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பணக் கணக்கும் அப்படித்தான். நல்ல போத்தல் விலை கூட. ஆனால் ஒரு நல்ல போத்தல் மெதுவாகக் குடிக்கிறவரின் அலுமாரியில் மாதக்கணக்கில் இருக்கும். வாங்கும்போது லேபிளை வாசியுங்கள். முழுக்கத் தென்னை, முழுக்கப் பனை என்று போட்டிருக்கிறதா, அல்லது கரும்புப் பாகுக் கழிவில் வடித்த மதுவைக் கலந்ததா என்று பாருங்கள். மலிவுச் சரக்கில் கலப்புத்தான் அதிகம். முத்திரை இல்லாத எதையும் தொடவேண்டாம். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிரைக் குடித்தது. அதே தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளு இறக்கத் தடை. மரத்தில் இருந்து வருகிற கள்ளு குற்றம், கரும்புப் பாகு மதுவில் நிறமும் வாசமும் சேர்த்த பிராந்தி அரசுக் கடையில். எங்களுக்கு அந்த நிலை இல்லை. மரத்தில் ஏறுகிற உரிமையும் வடிசாலையும் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. அதன் அருமை எங்களுக்குத் தெரிய வேண்டும்.

வெளிநாட்டுப் போத்தலையும் விட்டுவிட முடியாது. ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ சொந்தம் வந்தால் விமான நிலையக் கடையில் வாங்கின மோல்ற் விஸ்கி ஒன்று பெட்டிக்குள் வரும். பன்னிரண்டு வருடம் மரப்பீப்பாயில் கிடந்தது அது. பிரித்தானியச் சட்டப்படி குறைந்தது மூன்று வருடம் ஓக் பீப்பாயில் இருந்தால்தான் அதற்கு ஸ்கொச் என்ற பெயரே கிடைக்கும். இங்கே மேசைக்கு வந்ததும் அரைக்கிளாஸ் கோலாவுக்குள் போய், இரவு பத்து மணிக்கு முன்னமே போத்தல் வெறும் போத்தலாகிவிடும். கொண்டுவந்த மச்சானிடம் உரிமையோடு சொல்லுங்கள்: “மச்சான், இண்டைக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ்தான். கோலா வேண்டாம். இருந்து கதைச்சுக் குடிப்பம்.” அவரும் சந்தோசப்படுவார். வருடக்கணக்கான கதை அவரிடமும் இருக்கும், அது வெளியே வர நேரம் வேண்டும்.

இனி என் மனதில் கிடக்கிற முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குடிக்கிற விதந்தான் வடிக்கிற தரத்தைத் தீர்மானிக்கிறது. வெறியை மட்டும் கேட்கிற ஊருக்கு வெறிதான் மலிவாக விற்கப்படும். ருசியைக் கேட்கிற ஊருக்கு ருசி வரும். இதற்கு உதாரணங்கள் கிட்டவே இருக்கின்றன. கோவாவின் முந்திரிப்பழ ஃபெனியை நாட்டுச்சரக்கு என்று ஒதுக்கின காலம் இருந்தது. 2009இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் கோவா அரசு அதைத் தன் மரபுப் பானமாகவே அறிவித்தது. பெங்களூரில் அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மோல்ற் விஸ்கியை 2004இல் விஸ்கியின் சொந்த நாட்டிலேயே, கிளாஸ்கோவில், அறிமுகப்படுத்தியது. பெங்களூர் வெக்கையில் பீப்பாயில் இருந்து வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகப் போகிறது. ஸ்கொட்லாந்தில் அது இரண்டு சதவீத அளவுதான். இழப்புப் பெரிது. ஆனால் வெக்கையில் முதிர்ச்சியும் விரைவு. சூடான நாட்டில் நல்ல மது முதிராது என்ற பேச்சு அதோடு போயிற்று.

பனஞ்சாராயத்துக்கு ஏன் இது நடக்கக்கூடாது? மரம் இருக்கிறது. சீவத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன, குறைந்துகொண்டு வந்தாலும். முப்பது முழம் ஏறி இறங்குகிற அந்தத் தொழிலுக்கு மரியாதையும் கூலியும் கிடைத்தால்தான் அடுத்த தலைமுறை ஏறும். முதிரவைக்கச் சவண்டலை இருக்கிறது. குறைவது ஒன்றுதான்: பொறுத்திருந்து வடிக்கச் சொல்லிக் கேட்கிற, அதற்குரிய விலையைக் கொடுக்கிற குடிகாரர் அல்லாத குடிப்பவர்கள். எந்தப் பகுதிப் பனை, எந்தப் பருவம், எத்தனை வருடம் எந்த மரத்தில் இருந்தது என்று லேபிளில் எழுதச் சொல்லி நாங்கள் கேட்க வேண்டும். கேட்பதற்கு முதல் எங்கள் நாக்குக்கு வித்தியாசம் தெரிய வேண்டும்.

ஆகவே அடுத்தமுறை வாங்கும்போது, அளவில் பாதியும் தரத்தில் இரட்டிப்புமாக ஒன்றை வாங்குங்கள். சாப்பிட்டுவிட்டு இருங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். விரற்கடை அளவு ஊற்றுங்கள். மணந்து பாருங்கள், பக்கத்தில் இருப்பவரையும் கேளுங்கள். அது முடிந்ததும் போத்தலை மூடி அலுமாரிக்குள் வையுங்கள். இப்படிக் குடிக்கிற பத்து வீடு ஒரு ஊரில் இருந்தாலே கடைக்காரருக்கு அது தெரியவரும். கடைக்காரருக்குத் தெரிந்தால் வடிசாலைக்கும் தெரியும்.